வெசாக் தோரணத்திலிருந்து வரும் அந்தக் குரல் யாருடையது?



போன வெசாக் லீவுக்குப் பிறகு வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், தோரணத்துல போடுற பழைய பாட்டப் பாடினவரு நம்மட ஆளாமே, உண்மையா?" உண்மைதான் மகன் என்றேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு முடிகிற கதையா அது?

மொஹிதீன் பேக் 1919 டிசம்பரில் தமிழ்நாட்டின் சேலத்தில் பிறந்தவர். 1930களின் ஆரம்பத்தில் இளம் வயதிலேயே இலங்கைக்கு வந்தார். சிங்களம் அவருடைய தாய்மொழி அல்ல. அவருக்கு வழிகாட்டியவர் இன்னொரு முஸ்லிம் இசைக்கலைஞரான முஹம்மது கவுஸ் மாஸ்டர்.

அது 78 சுழற்சி இசைத்தட்டுக் காலம். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான். பிழை விட்டால் வெட்டி ஒட்ட முடியாது, முதலிலிருந்து பாட வேண்டும். லக்ஷ்மி பாயுடன் சேர்ந்து அவர் பாடிய 'கருணா முஹுதே' அப்படிப்பட்ட ஒரு தட்டில்தான் வந்தது. புத்தரின் கருணையைச் சொல்லும் அந்தப் பாட்டு இன்றும் பழசாகவில்லை.

1947இல் சிங்களப் பேசும் படம் பிறந்தது. அவ்வருடமே வந்த 'அசோகமாலா'வுக்கு இசை கவுஸ் மாஸ்டர். பேக் அதில் பாடினார். பிற்காலத்தில் அமரதேவ என்று நாடே போற்றிய அல்பர்ட் பெரேராவை வயலின் வாசிக்க அழைத்துச் சென்றவரும் கவுஸ் மாஸ்டரே. துட்டகைமுனு மன்னனின் மகன் சாலிய இளவரசனின் காதல் கதைக்கு ஒரு முஸ்லிம் இசையமைத்தார், இன்னொரு முஸ்லிம் பாடினார். அதை யாரும் விசித்திரமாக எண்ணியதாகத் தெரியவில்லை.

அதன்பின் பல தசாப்தங்கள் படத்திலும் இலங்கை வானொலியிலும் அவர் குரல் ஒலித்தது. ஹிந்தி, தமிழ் மெட்டுகளை அப்படியே சிங்களத்தில் போடுகிறார்கள் என்ற விமர்சனம் அக்காலப் படப் பாடல்கள்மீது இருந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் மெட்டு இரவலாக இருந்தாலும் குரல் இரவல் இல்லையே.

1991 நவம்பரில், தன் 71ஆவது வயதில் அவர் மறைந்தார். முஸ்லிமாகவே வாழ்ந்து முஸ்லிமாகவே போனார்.

இசை கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை இங்கே திறக்க வேண்டாம். அதை உலமாக்களிடம் கேளுங்கள். நான் பாடம் நடத்துவது வரலாறு. இந்த நாட்டுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று யாராவது கேட்டால், நம் பிள்ளைகள் வர்த்தகத்தை மட்டும் சொல்லிவிட்டு வாயடைத்து நிற்கக் கூடாது. அதேபோல், 'நம்மட ஆள்' என்று நாம் மட்டும் அவரைச் சொந்தம் கொண்டாடவும் முடியாது. அவரை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியவர்கள் சிங்களக் கிராமத்துத் தாய்மார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த வானொலிக் காலத்தைப் பற்றி இன்றே கேளுங்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.