பேரருவி வரிசையும் இணைய நெரிசலும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா" என்று சங்கத் தோழியர் கேட்டபோது, விடுதி நாட்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மில் பலர் உண்டு. நான் இங்கே படித்தது கணிதம். பிறகு வேலை பார்த்ததெல்லாம் தகவல் தொடர்பு வலையமைப்புகளில். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். இணையம் ஒரு காலத்தில் நெரிசலில் மூச்சுத் திணறியதும், அதை மீட்டவர்கள் யார் என்பதும்தான் அது.

முதலில் நம் ஊர்ச் சங்கதி. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை பேரருவியில் பெண்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "தலையை நனைச்சிட்டு நகருங்க தாயி, பின்னால எத்தனை பேரு நிக்காங்க பாருங்க" என்று காவலுக்கு நிற்கும் அம்மா சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் ஓய்ந்தால் போதும். நனைந்தவள் வெளியே வர முடியாது, நனையாதவள் உள்ளே போக முடியாது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். 1986 அக்டோபரில் இணையத்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

இணையத்தில் செய்தி முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. சந்திகளில் இருக்கும் ரூட்டர் என்ற கருவி அவற்றை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புகிறது. வரிசை நிரம்பினால் வருகிற பொட்டலம் தூக்கி எறியப்படும். "வந்து சேர்ந்தது" என்ற பதில் வராவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். சிக்கல் இங்கேதான். பதில் தாமதமானால், வரிசையில் காத்திருக்கும் பொட்டலத்துக்கே இன்னொரு நகலை அனுப்புகிறோம். எல்லோரும் அப்படிச் செய்தால் கம்பி முழுக்க நகல்கள்தான் ஓடும். ஜான் நேகிள் என்பவர் 1984-லேயே இந்த ஆபத்தைப் பற்றி எழுதி எச்சரித்திருந்தார்.

இரண்டு ஆண்டுகளில் அது பலித்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் சுமார் 400 கஜம். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது 40 பிட்டாக விழுந்தது. அதாவது நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து! தபால்காரர் நடந்தே கொண்டு போயிருக்கலாம். கம்பி அறுந்துவிடவில்லை, கருவி பழுதாகவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியதுதான் காரணம்.

அந்த ஆய்வுக்கூடத்திலிருந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் என்பவருடன் சேர்ந்து கண்ட தீர்வை 1988-ல் கட்டுரையாக வெளியிட்டார். மெதுவாகத் தொடங்கு, பதில் வர வர அளவைக் கூட்டு, பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு உடனே குறைத்துக்கொள். நெரிசலைத் தீர்க்கப் புதுக் கம்பி இழுக்கவில்லை, நடுவில் போலீஸ்காரரை நிறுத்தவில்லை. அனுப்புகிறவர் தானாக ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே 1988 மாநாட்டில் இன்னொரு கட்டுரையும் வந்தது. எழுதியவர்கள் கே.கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின். இருவரும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துவிட்டு, அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். பொட்டலம் தொலையும் வரை ஏன் காத்திருக்க வேண்டும், வரிசை நீளும்போதே ரூட்டர் ஒரு பிட்டை மாற்றி எச்சரிக்கலாமே என்பது அவர்கள் யோசனை. 2001-ல் அது இணையத்தின் முறையான விதிகளில் ஒன்றாக இடம்பெற்றது. அதை எழுதிய மூவரில் ராமகிருஷ்ணனும் ஒருவர். மற்றொருவர் சாலி ஃப்ளாய்ட் என்ற பெண்மணி. அவர் முதலில் படித்தது சமூகவியல், கூடக் கொஞ்சம் கணிதம். ரயில் நிறுவனத்தில் கணினி வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் ஆராய்ச்சிக்கு வந்தார். நெரிசல் ஆய்வில் உலகமே மதிக்கும் பெயராகி, 2019-ல் காலமானார். "நான் படிச்சது வேற சப்ஜெக்ட்டு, இனிமே என்ன செய்ய முடியும்" என்று சொல்லும் தங்கைகள் இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாணவியருக்கு ஒரு சின்னக் கணக்கு. கூட்டும்போது எல்லோரும் சமமாகக் கூட்ட வேண்டும், குறைக்கும்போது பாதியாகக் குறைக்க வேண்டும். ஏன்? ஒருத்தி 100 பங்கு எடுக்கிறாள், இன்னொருத்தி 20. வித்தியாசம் 80. இருவரும் பாதியாகக் குறைத்தால் 50, 10. வித்தியாசம் 40. பிறகு இருவரும் பத்துப் பத்தாகக் கூட்டினாலும் அந்த 40 கூடாது. அடுத்த முறை பாதியாகும்போது 20 ஆகிவிடும். இப்படியே போனால் இருவரும் ஏறக்குறைய சமமாகிவிடுவார்கள். சியூ, ஜெயின் இருவரும் 1989-ல் விளக்கிய கணக்கு இது. இத்தனை எளிய கணக்கின் மேல்தான் உலகத்தின் தகவல் போக்குவரத்து நிற்கிறது.

பெரிய தொட்டி கட்டி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நம் பேரருவியில் மேலிருந்து பாயும் வெள்ளம் பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம் தலையில் இறங்குகிறது. ரூட்டரில் உள்ள நினைவகமும் அப்படித்தான், திடீர் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நினைவகம் மலிவானதும் அளவுக்கு மீறி வைத்துவிட்டார்கள். பொட்டலம் தொலைவதில்லை, ஆனால் வரிசையிலேயே கிடந்து ஊசிப்போகிறது; அனுப்புகிறவருக்கோ நெரிசல் இருப்பதே தெரிவதில்லை. 2010-க்குப் பிறகுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பார் என்று 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸ் என்ற அம்மையாரும் ஜேக்கப்சனும் வழி சொன்னார்கள்.

நம் நாட்டில், 1986-ல் தொடங்கிய எர்னெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒரு மையம். பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் இணையம் வந்தது. உள்நாட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் போக்குவரத்தை மாற்றிக்கொள்ள நிக்சி என்ற பரிமாற்ற நிலையம் 2003-ல் அமைந்தது. அதற்கு முன் அதில் பெரும்பகுதி வெளிநாடு சுற்றித்தான் வந்தது. தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குச் சென்னை வழியாகப் போவது மாதிரி. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ. நம் பக்கத்து மத்தளம்பாறையில் அதன் அலுவலகம் வந்த பிறகு, வலையமைப்பை அளக்கிற வேலை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் புதிதல்ல.

அளப்பது என்றதும் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாதாமாதம் அறிக்கை தயாரிப்போம். இருபத்துநாலு மணி நேரச் சராசரி போட்டால் இணைப்பு பாதிகூட நிரம்பியிருக்காது. "நெரிசல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சாயங்காலம் ஏழு மணிக்கு யாருக்கும் ஒன்றும் திறக்காது. அது எனக்கும் தெரியும். விடியற்காலை மூன்று மணியையும் சேர்த்துச் சராசரி போட்டால் எந்தக் கஷ்டமும் மறைந்துபோகும். பேரருவியில் ராத்திரி கூட்டமில்லை என்று சொல்லி, மத்தியானம் மிதிபட்டவளுக்குச் சமாதானம் சொன்ன மாதிரி.

ஜெயினும் அவர் சகாக்களும் 1984-லேயே இதற்கு ஓர் அளவுகோல் தந்திருந்தார்கள். பத்துப் பேரில் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தால் 1. இரண்டு பேர் மட்டும் சமமாகப் பங்கிட்டு, மற்ற எட்டுப் பேருக்கும் ஒன்றுமே இல்லை என்றால் 0.2. மொத்தம் எவ்வளவு தண்ணீர் கொட்டியது என்று அது பார்ப்பதில்லை, எத்தனை பேர் நனைந்தார்கள் என்று பார்க்கிறது. நான் படித்த கணிதத்தில் அது அடங்கும். ஆனாலும் அறிக்கையில் அதைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

2020-ல் வகுப்புகள் கைப்பேசிக்கு வந்தபோது, என் தங்கை மகள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டாள். ஆசிரியை குரல் விட்டு விட்டு வரும். "பெரியம்மா, ஒங்க ஆபீஸ்ல இதையெல்லாம் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். பார்த்தோம், சராசரியைப் பார்த்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று இங்கே படிக்கும் தங்கைகளில் சிலராவது இந்தத் துறைக்கு வருவீர்கள். உங்கள் கையிலும் ஒரு நாள் இப்படி ஓர் அறிக்கை வரும். கையெழுத்துப் போடும் முன் வரிசையின் கடைசியில் நிற்பவள் நனைந்தாளா என்று ஒரு முறை பாருங்கள். அருவிக்கரையில் வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாழ்க நம் கல்லூரி!