குடிமதிப்பேடுகளில் ஒரு கவிஞர் குடும்பம்

அமெரிக்கக் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க்கை (1878–1967) அவருடைய கவிதைகள் வாயிலாகவும், ஆபிரகாம் லிங்கனைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் வாயிலாகவும் இலக்கிய உலகம் அறியும். அவருடைய ‘சிகாகோ கவிதைகள்’ 1916இல் வெளிவந்தது. லிங்கனின் போர்க்கால ஆண்டுகளை விரித்துரைத்த நூலுக்கு 1940இல் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசும், கவிதைகளின் முழுத் தொகுப்புக்கு 1951இல் கவிதைக்கான புலிட்சர் பரிசும் கிடைத்தன. இத்தகைய புகழுக்குரியவர் பிறந்ததோ இல்லினாய்ஸ் மாநிலத்துக் கேல்ஸ்பர்க் நகரில், மூன்றே அறைகள் கொண்ட ஒரு சிறு வீட்டில். தந்தை ஆகஸ்ட், தாய் கிளாரா மட்டில்டா. இருவரும் ஸ்வீடனிலிருந்து குடியேறியவர்கள். தந்தை இருப்புப்பாதை நிறுவனமொன்றின் கொல்லுப்பட்டறையில் கூலிக்கு உழைத்தவர்.

புகழ் பெற்ற பின் ஒருவரைப் பற்றி எழுதுவோர் பலராவர். புகழுக்கு முன்னைய குடும்பத்தைக் கண்டெழுதியவர் பெரும்பாலும் ஒருவரே. அவர் அரசின் கணக்கெடுப்பாளர். பத்தாண்டுக்கு ஒருமுறை வாயிலில் வந்து நின்று, வீட்டிலுள்ளோர் சொல்வதைக் கேட்டு, தம் செவிக்குப் பட்டவாறு எழுதிச் சென்றவர் அவர். அவர் எழுதிய ஏடுகளைக் கொண்டு இக்குடும்பத்தின் தடத்தை எவ்வளவு தொலைவு பின்பற்ற இயலும், எவ்விடத்தில் அத்தடம் அறுபடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு நாடுகள், இரு வகை ஏடுகள்

ஸ்வீடன் நாட்டு மக்களின் பதிவேடுகள் திருச்சபையின் கையில் இருந்தன. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி ஒவ்வொரு சபையின் குருவும் தம் வட்டாரத்துக் குடும்பங்களை நேரில் கண்டு, அவர்களுக்கு மறைநூலை வாசிக்கத் தெரியுமா, ஞானோபதேசம் பாடமா என ஆராய்ந்து குறித்து வைக்க வேண்டும். இவ்வாறு பிறந்தவையே வீட்டுத் தேர்வேடுகள். ஒரு பண்ணைக்கு ஒரு பக்கம். அப்பக்கத்தில் வீட்டுத் தலைவர் முதல் வேலையாள் வரை அனைவரும் இடம்பெறுவர். எவரேனும் வேறூர் சென்றால் சென்ற ஊரும், இறந்தால் இறந்த நாளும் அவ்வரியிலேயே ஏறும். 1749 முதல் நாடு முழுமைக்குமான மக்கள் புள்ளிவிவரத்தை ஸ்வீடன் திரட்டத் தொடங்கியதற்கும் இவ்வேடுகளே அடித்தளமாயின.

இந்த ஏடுகளின் இயல்பால் ஒரு விளைவு உண்டாயிற்று. வாசிப்பைச் சட்டம் வற்புறுத்தியது; எழுத்தை வற்புறுத்தவில்லை. தொடக்கப்பள்ளிகளை நிறுவும் சட்டமே 1842இல்தான் வந்தது. ஆகவே, மறைநூலைத் தடையின்றி வாசிக்கவும் தம் பெயரை எழுத அறியாதிருக்கவும் கூடிய ஒரு தலைமுறை அந்நாட்டுச் சிற்றூர்களில் வாழ்ந்தது. ஆகஸ்ட் அத்தலைமுறையைச் சேர்ந்தவர். ஸ்வீடிய விவிலியத்தை வாசித்த அவர் எழுதக் கற்றதில்லை என்பதை மகன் தம் இளமை வரலாற்றில் குறித்துள்ளார். அமெரிக்கக் குடிமதிப்பு ஏடுகளில் ‘வாசிக்க’ என்றும் ‘எழுத’ என்றும் தனித்தனியே இரு கட்டங்கள் இருந்தன. அவ்விரு கட்டங்களுக்கும் இரு வேறு விடைகளைப் பெற்ற குடியேறிகளை அறியாமையுடையோர் என ஒதுக்கிவிடலாகாது. அந்த முரணுக்குப் பின்னால் ஒரு நாட்டின் சமயக் கல்வி வரலாறே அடங்கியுள்ளது.

அமெரிக்க ஏடோ வேறு இயல்பினது. 1790இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் அக்கணக்கு, ஒரு குறித்த நாளில் வீட்டிலிருந்தோரை மட்டுமே பதிவு செய்யும். இரு கணக்குகளுக்கு இடையே நிகழ்ந்த பிறப்பும் இறப்பும் அதன் கண்ணில் படா. ஏறத்தாழ 1850 முதல் 1930 வரை பதின்மூன்று இலட்சம் ஸ்வீடியர் அளவில் தம் நாட்டை விட்டு வெளியேறினர். அவருள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கா சேர்ந்தனர். 1867 முதல் 1869 வரை நிலவிய விளைச்சல் கேடும் பஞ்சமும் அவ்வெள்ளத்தைப் பெருக்கின. இடையறாது எழுதும் ஏட்டிலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை விழிக்கும் ஏட்டுக்கு அம்மக்கள் இடம்பெயர்ந்தனர் எனலாம்.

பெயர் என்னும் சிக்கல்

ஸ்வீடிய உழவர் குடிகளில் நிலையான குடும்பப் பெயர் வழக்கு நெடுங்காலம் வேரூன்றவில்லை. தந்தை ஆண்டர்ஸ் எனில் மகன் ஆண்டர்சன், மகள் ஆண்டர்ஸ்டோட்டர். அடுத்த தலைமுறையில் அப்பெயரும் மாறும். குடும்பப் பெயரை முறைப்படுத்தும் அரசாணை 1901இல்தான் பிறந்தது. ஓஸ்டர்யோட்லாந்து மாநிலத்தின் அப்புனா என்னும் ஊரிலிருந்து வந்த கிளாரா அமெரிக்காவில் ஆண்டர்சன் ஆனார். மகள் என்னும் பொருள் தரும் ஈறு கடல் கடந்ததும் உதிர்ந்துவிட்டது.

கணவரின் பெயர் இன்னும் சிக்கலானது. அவர் முன்னர் ஜான்சன் என வழங்கினார் என்றும், ஒரே பணியிடத்தில் ஆகஸ்ட் ஜான்சன்கள் பலர் இருந்தமையால் ஊதிய உறைகள் கைமாறிப் போயின என்றும், அதனால் சாண்ட்பெர்க் என்னும் பெயரை மேற்கொண்டார் என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. டேனியல்சன் என்னும் பெயரும் அக்குடும்ப வழக்கில் பேசப்படுவதுண்டு. பின்னர்ப் பிள்ளைகள் பள்ளி சென்ற காலத்தில் ‘பெர்க்’ என்னும் ஈற்றைப் ‘பர்க்’ எனத் திருத்திக்கொண்டனர். கார்ல் என்ற சிறுவனோ, அயல்நாட்டு மணம் வீசாத சார்லஸ் என்னும் பெயரை விரும்பி ஏற்றான். 1904இல் வெளிவந்த அவருடைய முதற் சிறுநூலின் முகப்பில் சார்லஸ் சாண்ட்பர்க் என்றே காணலாம். 1908இல் மணந்த மனைவி லிலியன் ஸ்டைகன் வற்புறுத்திய பின்னரே அவர் கார்ல் என்னும் பிறவிப் பெயருக்குத் திரும்பினார். ஆகவே 1880ஆம் ஆண்டு ஏட்டில் தேடப்பட வேண்டியவன் கார்ல், 1900இல் சார்லஸ், 1910இல் மீண்டும் கார்ல். ஒரே ஆளை மூவராகவோ, மூவரை ஒருவராகவோ கொள்ளும் பிழை இத்தகைய இடங்களில்தான் நேர்கிறது.

இச்சிக்கலுக்கு ஓரளவு தீர்வு தந்தது சவுண்டெக்ஸ் என்னும் ஒலிவழி அட்டவணை. பெயரின் முதலெழுத்தை அவ்வாறே நிறுத்தி, உயிரெழுத்துக்களை நீக்கி, எஞ்சும் மெய்களை ஒலியினம் நோக்கி ஆறு வகுப்பாக்கி, மூன்று எண்களால் குறிப்பது இம்முறை. இதழொலிகளுக்கு 1, த ட ஒலிகளுக்கு 3, மெல்லொலிகளான ம ன ஒலிகளுக்கு 5 என்றவாறு எண்கள் அமையும். மோனையும் இனவெதுகையும் அறிந்த யாப்புப் பயிற்சியாளர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். சாண்ட்பெர்க் எனினும் சாண்ட்பர்க் எனினும் குறியீடு ‘எஸ்-531’ என்பதே. தந்தையையும் பிள்ளைகளையும் பிரித்த ஓர் உயிரெழுத்தை அவ்வட்டவணை பொருட்படுத்துவதில்லை. ஆயின் ஜான்சன் ‘ஜே-525’ ஆகும். டேனியல்சன் ‘டி-542’ ஆகும். திரிந்த பெயரை ஒலி மீட்டுத் தரும். துறந்த பெயரை மீட்டுத் தராது. அதற்குத் திருமணப் பதிவும் சபை ஏடும் குடும்ப நினைவுமே துணை.

1880: இரண்டு வயதுக் குழந்தை

1874இல் மணந்த அவ்விணையரின் குடும்பம் ஒரு குடும்பமாக முதன்முதல் அரசின் கண்ணில் படுவது 1880 ஜூன் மாதக் கணக்கில். அக்கணக்குக்குத் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பது அவ்வாண்டில்தான் முதன்முதல் கேட்கப்பட்டது. தாய் தந்தையர் பிறந்த நாடும் கேட்கப்பட்டது. அதற்கு முந்தைய ஏடுகளில் ஒரு கூரையின் கீழிருந்த பெயர்கள் வரிசையாக நிற்கும். மனைவியா, தங்கையா, பணிப்பெண்ணா என்பதை ஊகித்தே அறிய வேண்டும். 1880 ஏட்டில் அவ்வூகத்துக்கு இடமில்லை. தலைமகள் மேரியும், 1878 ஜனவரி 6ஆம் நாள் பிறந்து இரண்டு வயது நிரம்பிய கார்லும் பெற்றோர் பிறந்த நாடு ஸ்வீடன் என்னும் குறிப்போடு நிற்பதற்குரிய ஏடு அது.

அவ்வாண்டுக்கான ஒலிவழி அட்டவணை உருவான வரலாறும் எண்ணத்தக்கது. 1935இல் சமூகக் காப்புச் சட்டம் வந்தபோது, முதியோர் பலரிடம் பிறப்புச் சான்று இல்லை. அவர்தம் வயதைப் பழைய குடிமதிப்பு ஏடுகளைக் கொண்டு சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஆதலால் 1880 ஏட்டுக்கு அட்டவணை அமைத்தோர், பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதுமுடைய குழந்தைகள் இருந்த வீடுகளை மட்டுமே அதில் சேர்த்தனர். குழந்தைகளற்ற வீட்டில் வாழ்ந்த குடியேறியைக் காண, ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழியாக இருந்தது. சாண்ட்பெர்க் இல்லத்தில் மழலைகள் இருந்தமையால் அது அட்டவணைக்குள் அடங்கும் வீடாயிற்று. பெற்றோரை எதிர்காலம் அடையாளம் காண வழி செய்தவர்கள் அக்குழந்தைகளே.

எரிந்த ஏடு

அடுத்த கணக்கு 1890இல் எடுக்கப்பட்டது. முன்னர் இல்லாதவாறு, அவ்வாண்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தாள் ஒதுக்கப்பட்டது. ஆங்கிலம் பேச வருமா, வீடு சொந்தமா வாடகையா, தாய் ஈன்ற மக்கள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்றெல்லாம் அத்தாள் வினவியது. குடியேறிகளின் வாழ்வை அறிய அதனினும் சிறந்த ஏடு அக்காலத்தில் வேறில்லை.

1921 ஜனவரி 10ஆம் நாள் மாலை, வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பற்றியது. ஏடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தீ தின்றது; எஞ்சியவற்றில் பெரும்பகுதியைத் தீயணைக்கப் பாய்ச்சிய நீர் கெடுத்தது. நனைந்தும் கருகியும் கிடந்தவற்றைப் போற்றிக் காக்க முன்வருவோர் இல்லை. 1933 பிப்ரவரியில், பயனற்ற தாள்கள் என்னும் பட்டியலில் அவற்றையும் சேர்த்து அழிக்க நாடாளுமன்றம் இசைவளித்தது. அதற்கு முந்தைய நாள்தான் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்குக் குடியரசுத் தலைவர் ஹூவர் அடிக்கல் நாட்டியிருந்தார். ஆறு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் குறித்த அக்கணக்கில் இன்று எஞ்சியிருப்பன ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்களே. கேல்ஸ்பர்க் நகரத்தார் பெயர்கள் அவற்றுள் இல்லை.

ஏழும் ஐந்தும்

இந்தத் தீயால் சாண்ட்பர்க் குடும்பம் இழந்தது யாது? கிளாரா பெற்ற மக்கள் எழுவர். மேரி, கார்ல், மார்ட், எமில், எஸ்தர், ஃபிரெட், மார்த்தா என்போர் அவர்கள். இவருள் எமிலும் ஃபிரெட்டும் 1880ஆம் ஆண்டுக் கணக்குக்குப் பின் பிறந்தவர்கள். 1892இல் தொண்டை அடைப்பான் நோய் கேல்ஸ்பர்க் வீட்டுக்குள் புகுந்தபோது சிறுவர் இருவரும் மாண்டனர். 1880க்குப் பின் பிறந்து 1900க்கு முன் இறந்த ஒரு குழந்தையைக் கூட்டாட்சி அரசின் கணக்கு காணக்கூடிய வாய்ப்பு ஒன்றே ஒன்று, அது 1890. அந்த ஏடு இன்றில்லை. இரு உடன்பிறப்புகளுக்கும் தம் நாட்டுக் குடிமதிப்பில் ஒரு வரியேனும் எஞ்சவில்லை. அவர்கள் அப்புனாவில் பிறந்து மடிந்திருப்பின், குரு எழுதும் வீட்டுத் தேர்வேட்டில் பிறந்த நாளும் இறந்த நாளும் ஒரே வரியில் நின்றிருக்கும்.

ஆயினும் அவர்கள் முற்றும் மறையவில்லை. 1900ஆம் ஆண்டு ஏட்டில் தாயரைப் பற்றிய இரு கட்டங்கள் உள. ஈன்ற மக்கள் எத்தனை என்பது ஒன்று. இன்றுள்ளோர் எத்தனை என்பது மற்றொன்று. கிளாராவுக்கு உரிய விடை ஏழு, ஐந்து. அவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடே எமிலும் ஃபிரெட்டும். பெயரில்லை, வயதில்லை, நோயின் குறிப்பில்லை. தாய் ஒருத்தி வாயிலில் நின்று அயலவர் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்த ஒரு கழித்தற் கணக்கு மட்டுமே உண்டு. 1900, 1910 ஆகிய ஆண்டு ஏடுகளைப் புரட்டுவோர் அந்த இரு கட்டங்களையும் விரைந்து கடந்துவிடுதல் தகாது. அக்காலக் குழந்தை இறப்பின் வரலாறு அங்கேதான் எழுதப்பட்டுள்ளது.

ஏடும் எழுத்தும்

1910க்குப் பின் கவிஞரின் தடத்தைத் தொடர்வது எளிது. மில்வாக்கி நகர மேயர் எமில் சைடலின் செயலராக அவ்வாண்டில் பணியேற்றவர், 1919இல் இல்லினாய்ஸ் மாநிலத்து எல்ம்ஹர்ஸ்டிலும், 1928இல் மிச்சிகன் ஏரிக்கரையிலும், 1945இல் வட கரோலினாவின் ஃபிளாட் ராக்கிலும் குடியமர்ந்தார். எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே பொதுமக்கள் காண விடுவது அந்நாட்டு விதி. 1950ஆம் ஆண்டு ஏடு 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கவிஞர் உயிரோடிருந்த காலத்து இறுதி ஏடாகிய 1960ஆம் ஆண்டுக் கணக்கு 2032இல் திறக்கப்படும்.

ஆனால் எமிலையும் ஃபிரெட்டையும் எந்த ஏடும் இனித் திருப்பித் தாராது. அவர்களைத் திருப்பித் தந்தவர் அண்ணனே. தம் எழுபத்தைந்தாம் வயதில், 1953இல், ‘ஆல்வேஸ் தி யங் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்னும் இளமை வரலாற்றைச் சாண்ட்பர்க் வெளியிட்டார். எழுத அறியாத தந்தையின் உழைப்பும், தாயின் இல்லறமும், நோய்க்கு இரையான இரு தம்பியர் இறுதி நாட்களும் அந்நூலில் பதிவாயின. குடும்ப வரலாற்றை ஆராய்வோர் அரசின் ஏட்டை முதன்மைச் சான்றாகவும் நினைவுநூலைத் துணைச் சான்றாகவும் கொள்வது மரபு. இக்குடும்பத்தின் வரலாற்றிலோ அம்மரபு ஓரிடத்தில் தலைகீழாகிறது. 1890க்கும் 1900க்கும் இடையே அரசின் ஏடு தரும் சான்று ஒரு கழித்தல் மட்டுமே. அக்கழித்தலுக்குப் பெயர் சொல்வது மகன் எழுதிய நூல்.

கவிஞரின் உடற்சாம்பல் கேல்ஸ்பர்க்கில் அவர் பிறந்த அச்சிறு வீட்டின் பின்புறத்தில், ஒரு பாறையின் கீழ் வைக்கப்பட்டுள்ளது. 1880இல் கணக்கெடுப்பாளர் தேடி வந்த குடும்பத்தின் நினைவாக அவ்வீடு இன்றும் மாநில அரசால் காக்கப்பட்டு வருகிறது.