கஃபாலா: மறந்துபோன மறுபாதி

‘அநாதை’ என்ற சொல்லுக்கு நாதனற்றவர், ஆதரிப்பாரற்றவர் என்பது பொருள். அரபியில் ‘யதீம்’ என்பது அவ்வாறன்று. பருவமடையுமுன் தந்தையை இழந்த பிள்ளையே யதீம். அப்பிள்ளைக்குத் தாய் இருக்கலாம், பாட்டனார் இருக்கலாம், சொத்தும் இருக்கலாம். நாம் இவ்விரு சொற்களையும் ஒன்றாகவே பாவித்துப் பழகிவிட்டோம். அதனால் யதீம் என்றதும் ஒரு வீடு நம் நினைவுக்கு வருவதில்லை. ஒரு நிலையமும் அதன் கட்டில் வரிசையுமே நினைவுக்கு வருகின்றன.

யதீமைப் பொறுப்பேற்பதற்கு வழங்கும் ‘கஃபாலா’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. கடனாளிக்காகப் பிணை நிற்பவரும் கஃபீல், பிள்ளையைப் பொறுப்பேற்பவரும் கஃபீல். ஆகவே வளர்ப்பு என்ற பொருளோடு செலவுக்குப் பொறுப்பு நிற்றல் என்ற பொருளும் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளையை வீட்டில் ஏற்பது ஒரு பாதி. அந்த வீட்டைத் தாங்குவது மறுபாதி. முஸ்லிம் சமூகங்களின் வரலாற்றில் இவ்விரு பாதிகளும் சேர்ந்து நின்ற காலங்கள் உண்டு. பிரிந்துபோன காலங்களும் உண்டு. பிரிந்தபோது சுமை யாருடைய தலையில் விழுந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

தடுக்கப்பட்டது எது?

நபிகளார் (ஸல்) அவர்களே வளர்ப்புப் பிள்ளையாக வளர்ந்தவர்கள். பிறக்குமுன் தந்தை மறைந்தார். ஆறு வயதில் தாயார் மறைந்தார். எட்டு வயதளவில் பாட்டனார் அப்துல் முத்தலிபும் மறைய, சிறிய வருமானமும் பெரிய குடும்பமும் கொண்ட அபூதாலிபின் வீடு அவர்களை ஏற்றது. பிற்காலத்தில் குறைஷியரைப் பஞ்சம் வாட்டியபோது அபூதாலிபின் சுமையைக் குறைக்க நபிகளாரும் அப்பாஸ் அவர்களும் முன்வந்தனர். அலீ நபிகளாரின் வீட்டுக்கும் ஜஃபர் அப்பாஸின் வீட்டுக்கும் சென்றனர் என்று ஸீறா நூல்கள் கூறும். ஏற்ற வீடு தளர்ந்தபோது அதைத் தாங்க இன்னும் இரண்டு வீடுகள் திறந்தன. கஃபாலாவின் இரு பாதிகளும் இச்சிறு சம்பவத்தில் தெளிவாகத் தெரிகின்றன.

ஸைத் இப்னு ஹாரிஸா அவர்களின் வரலாறு யாவரும் அறிந்தது. ‘முஹம்மதின் மகன் ஸைத்’ என்று அழைக்கப்பட்டவர், அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கிய பின் மீண்டும் தம் தந்தையின் பெயரால் அழைக்கப்பட்டார். இங்கு தடுக்கப்பட்டது வம்சத்தை மாற்றுவதேயன்றி வளர்ப்பு அன்று. பிள்ளை யாருடையது என்ற உண்மையை அழிக்காதே, அதன் பெயரையும் உறவையும் வாரிசுரிமையையும் பறிக்காதே என்பதே அதன் கருத்து. ஆனால் நம் ஊர்களில் இது ‘மார்க்கத்தில் பிள்ளை எடுத்து வளர்க்கக் கூடாது’ என்று சுருங்கிவிட்டது. ஒரு பிள்ளையின் உரிமையைக் காக்க வந்த சட்டம், ஒரு பிள்ளைக்குக் கதவடைக்கும் சாட்டாக மாறிய விபரீதம் இது.

வீட்டுக்குள் எழக்கூடிய சிக்கல்களுக்கும் சட்ட நூல்களில் வழிகள் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு வளர்ப்புத் தாயோ அவரது சகோதரியோ பாலூட்டினால் பால்குடி உறவு உண்டாகிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தடவைகள் பாலூட்டியிருக்க வேண்டும். வளர்ந்தபின் எழும் மஹ்ரம் பிரச்சினை அவ்வாறு தீர்கிறது. வளர்ப்புப் பிள்ளை வாரிசாகாவிடினும் சொத்தில் மூன்றிலொரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம். உயிரோடிருக்கும்போதே நன்கொடையாகவும் கொடுக்கலாம்.

செலவு யாருடையது?

இனி மறுபாதிக்கு வருவோம். அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் யதீமின் சொத்தைப் பராமரிப்பவரைப் பற்றிப் பேசுகிறது. வசதியுள்ளவர் அச்சொத்திலிருந்து எதுவும் எடுக்காது விலகிக்கொள்ள வேண்டும். வறியவர் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம். வளர்ப்பவரும் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும் என்பதை வேதமே கணக்கில் எடுத்துள்ளது.

கலீபா உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் இது அரசின் கடமையாகிறது. கைவிடப்பட்ட குழந்தையொன்றைக் கண்டெடுத்துக் கொண்டுவந்த ஒருவரிடம், அவரது நேர்மை பற்றி விசாரித்தறிந்த பின், குழந்தையை அவரிடமே ஒப்படைத்து அதன் செலவை அரசு ஏற்கும் என்று கலீபா கூறியதாக இமாம் மாலிக்கின் முவத்தா பதிவு செய்கிறது. இன்று நாம் நவீனமெனக் கருதும் மூன்று அம்சங்கள் இதில் அடங்கியுள்ளன: வளர்ப்பவரைப் பற்றிய விசாரணை, குடும்பத்திடம் ஒப்படைத்தல், பொதுநிதியிலிருந்து கொடுப்பனவு. பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே உதவித்தொகை என்றிருந்த விதியை அவர்கள் மாற்றியதும் பிரசித்தமானது. அந்தத் தொகைக்காகத் தாயொருத்தி தன் குழந்தையைக் காலத்துக்கு முன்பே பால் மறக்கச் செய்வதைக் கண்டு, பிறந்த நாளிலிருந்தே தொகை வழங்கப் பணித்தார்கள். உதவித் திட்டமொன்றின் விதி ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று சென்று பார்த்த ஆட்சியாளரின் கதை இது.

பிற்காலத்தில் வக்ஃபுகள் இப்பணியைத் தொடர்ந்தன. மம்லூக்கியர் காலக் கெய்ரோவில் யதீம் பிள்ளைகளுக்கான மக்தபுகள் பல வக்ஃபு சொத்துக்களால் இயங்கின. குர்ஆனும் எழுத்தும் கற்பித்ததோடு உணவும் உடையும் பணமும் வழங்குமாறு அவற்றின் சாசனங்கள் விதித்தன. அங்கு கற்ற யதீம்களில் அநேகர் தாயுடனோ உறவினருடனோ வாழ்ந்தவர்கள். அவர்களை வீட்டிலிருந்து பிரித்தெடுக்காமலே உதவி அவர்களைச் சென்றடைந்தது.

நவீன சட்டத்தில் கஃபாலா

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபு சட்டப் பிரிவுகளாக எழுதப்பட்டது. 1954 முதல் 1962 வரை நடந்த விடுதலைப் போரில் எண்ணற்ற பிள்ளைகள் பெற்றோரை இழந்த நாடு அல்ஜீரியா. அந்நாட்டின் 1984ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் கஃபாலாவுக்கெனத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. பெற்றோர் யாரெனத் தெரிந்த பிள்ளையின் வம்சம் மாறாது. அதேவேளை பொறுப்பேற்றவருக்குச் சொந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே குடும்பக் கொடுப்பனவும் பாடசாலைக் கொடுப்பனவும் உண்டு என்கிறது அதன் 121ஆம் பிரிவு. மொரோக்கோவின் 2002ஆம் ஆண்டுச் சட்டமும் கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பொறுப்பேற்போருக்கு இத்தகைய சமூகக் கொடுப்பனவுகளை உறுதி செய்கிறது. 1989இல் நிறைவேறிய ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயம் தனது 20ஆம் உறுப்புரையில் வளர்ப்புப் பராமரிப்பு, தத்தெடுப்பு ஆகியவற்றோடு கஃபாலாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இலங்கை அச்சமவாயத்தை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

நம் நாட்டில்

இலங்கைச் சட்டத்தில் இவ்விடயத்துக்கான அடித்தளம் குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே இடப்பட்டது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டம், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை உறவினரிடமோ வேறு ‘தகுந்த ஆள்’ ஒருவரிடமோ ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமளித்தது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் தத்தெடுப்புக்கு வழிசெய்தது. தத்தெடுப்பு வம்சத்தையும் வாரிசுரிமையையும் தொடுவதால் முஸ்லிம்கள் தயங்கினர். அத்தயக்கம் நியாயமானதே. ஆனால் முதற் கூறிய கட்டளையில் அந்தத் தடையே இல்லை. பெயர் மாறுவதில்லை, தந்தை மாறுவதில்லை, பராமரிப்புப் பொறுப்பு மட்டுமே கைமாறுகிறது. கஃபாலாவுக்கு மிக நெருங்கிய சட்டவழி 1939 முதலே இந்நாட்டில் இருந்தும் நம் சமூகத்தில் அது பரவலாகப் பேசப்படவில்லை.

நாம் இரண்டு வழிகளில் சென்றோம். ஒன்று நிலையங்கள். 1960களில் தோன்றிய மாக்கொல முஸ்லிம் அநாதை நிலையம் போன்றவை ஆற்றிய கல்விப் பணியை எவரும் மறுப்பதற்கில்லை. மற்றது, எந்தப் பதிவுமின்றி உறவுக்குள் நடந்த வளர்ப்பு. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வரும் வழக்கமுள்ள கிழக்கிலே தாய்வழி உறவினர் அருகருகே வாழ்கின்றனர். உம்மா மௌத்தானால் பிள்ளை அடுத்த வளவிலுள்ள சாச்சியின் வீட்டுக்குப் போகும், அல்லது உம்மும்மாவிடம் போகும். அதற்குக் கூட்டமும் இல்லை, கடிதமும் இல்லை. 1990இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இரத்தம் சிந்தப்பட்டபோதும், அதே ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும் பிள்ளைகளைத் தாங்கியவை பெரும்பாலும் இத்தகைய வீடுகளே.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது இது நாடறிந்த உண்மையாயிற்று. மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று கரையோரம் முழுவதும் மையித்து வீடுகளாயின. நாடு முழுவதிலும் ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகள் தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்தனர். இவர்களில் மிகப் பெரும்பாலோரை நிலையங்களல்ல, உறவினரே ஏற்றனர். தாமே கூடாரத்தில் இருந்தவர்கள் அவர்கள். வலையும் தோணியும் இழந்தவர்கள். தன் பிள்ளைகள் நால்வரோடு ராத்தாவின் பிள்ளைகள் மூவரையும் சேர்த்து ஒரே பாயில் கிடத்தியவர்கள்.

2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இப்பிள்ளைகளின் வளர்ப்புப் பராமரிப்பை ஒழுங்குபடுத்த முற்பட்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அப்பிள்ளைகள் தொடர்பான பொறுப்பு வழங்கப்பட்டது. வளர்ப்புப் பெற்றோரின் தகுதி ஆராயப்பட வேண்டும் என்ற நியதியும் வந்தது. வரலாற்றுரீதியில் இது ஒரு முன்னேற்றம். ஆயினும் அது ஓர் அனர்த்தத்தின் பிள்ளைகளுக்கு மட்டுமேயான சட்டம்.

அன்று குவிந்த உதவியின் போக்கையும் கவனிக்க வேண்டும். கட்டடம் கட்டுவது நன்கொடையாளருக்கு இலகு. பெயர்ப்பலகை இடலாம், திறப்புவிழா எடுக்கலாம். ஒரு சாச்சியின் அடுப்படிக்கு மாதந்தோறும் அரிசி அனுப்பினால் அதற்குத் திறப்புவிழா இல்லை. அவளைக் கஃபீல் என்று எவரும் அழைக்கவுமில்லை. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தின் ‘செவன சரண’ வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தில்கூட அப்பெயர் பெறுபவர் பிள்ளையைத் தம் வீட்டில் வைத்திருப்பவர் அல்லர், வறிய பிள்ளைக்குப் பணம் வழங்கும் கொடையாளரே. திட்டம் நல்லது. ஆனால் சொல் எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று பாருங்கள்.

செய்ய வேண்டியது

2019ஆம் ஆண்டின் மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கை குடும்பத்துக்கு முதலிடமும் நிலையத்துக்குக் கடைசி இடமும் தருகிறது. நம் மரபு சொன்னதும் அதுவே. எனவே உறவுப் பிள்ளையை வளர்க்கும் குடும்பங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலரையும் மாகாண நன்னடத்தை அலுவலரையும் நாடி, நீதிமன்றக் கட்டளையொன்றைப் பெற்றுக்கொள்வது நன்று. பாடசாலை அனுமதி, வங்கிக் கணக்கு, அடையாள அட்டை, தகப்பனின் காணி என்று ஒவ்வொரு படியிலும் ‘நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?’ என்ற கேள்வி எழும். அதற்குக் கையில் ஒரு கடதாசி வேண்டும். பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையென்று பொய்யாகப் பதிவது சட்டத்துக்கும் மார்க்கத்துக்கும் விரோதமானது. அது நாளை அப்பிள்ளையின் உரிமையையே அழிக்கும்.

பள்ளிவாசல்களுக்கும் ஒரு வேலை உண்டு. மஹல்லாவில் பிறர் பிள்ளையை வளர்க்கும் வீடுகள் எத்தனை என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். அவற்றில் வறுமைப்பட்ட வீடுகளுக்கு ஸகாத்திலிருந்து மாதாந்தம் ஒரு தொகை ஒதுக்கட்டும். ஒரு முறை கொடுத்துப் படமெடுப்பதால் பயனில்லை. பிள்ளை வளர்வது மாதக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில்.

பேனா பிடித்தோரும் யோசிக்கலாம். சுனாமியில் போனவர்களைப் பாடினோம், அது கடமை. இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். சாட்சி சொல்லக்கூடிய உம்மும்மாக்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அன்று அவர்கள் மடியிலேறிய பிள்ளைகள் இன்று தாமே பிள்ளை பெற்றோர். எந்த வீடு எந்தப் பிள்ளையை ஏற்றது, யார் உதவினார், யார் உதவவில்லை என்பவற்றை ஊர்வாரியாகப் பதிந்து வைத்தால் அதுவே நம் கஃபாலாவின் வரலாறாகும்.