மேலவாசலிலிருந்து கிளம்பிய புத்தக வண்டி



"பையன் புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறான் டீச்சர். நாங்களும் பெரிசா படிக்கல. வீட்ல என்ன பண்றது?" என்று என் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். அவளுக்கு நம் தஞ்சைச் சீமையில் நடந்த ஒன்றைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1931 அக்டோபர் மாதம். மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்திலிருந்து ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. நெல் மூட்டை ஏற்றுகிற வண்டியில் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். ஏற்பாடு செய்தவர் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர். அவருக்குத் தூண்டுகோலாக இருந்தவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் புத்தகமாக வெளியிட்டதும் அதே ஆண்டுதான். வாசகரைத் தேடிப் புத்தகம் போக வேண்டும் என்று எழுதியவரின் எண்ணம் மாடு பூட்டி ஊர் ஊராகப் போனது!

ஐப்பசி மழைக்காலத்தில் டெல்டாவின் வாய்க்கால் கரைப் பாதைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாட்டு வண்டியைத் தவிர வேறு எது அந்தச் சேற்றில் போகும்?

ஆனால் எனக்கு வியப்பு வண்டி மேல் இல்லை. அந்த 1931 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பிறகு யாருக்காக அத்தனை புத்தகம்? நம் ஊர்த் திண்ணையை நினைத்துப் பாருங்கள். ஒருத்தர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை என்று பெரிய எழுத்துப் புத்தகங்கள் வந்ததும் இப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான். ஒரு புத்தகம் வந்தால் ஒரு தெருவே படித்த மாதிரி. வண்டிப் புத்தகங்களும் அப்படித்தான் பல காதுகளுக்குப் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவிலேயே முதலாவது. அதற்குப் பின்னாலும் ரங்கநாதன் இருந்தார். ஊர்களில் கிளை நூலகங்கள் வந்தன. திண்ணைகள்தான் போய்விட்டன.

என் அம்மா கைநாட்டு. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அம்மா முறத்தில் அரிசி புடைப்பார், நான் அம்புலிமாமா படிப்பேன். வேதாளம் கேள்வி கேட்கிற இடம் வந்ததும் "நிறுத்து" என்பார். அப்பாயி ஒரு பதில் சொல்லும், அம்மா ஒரு பதில் சொல்வார், தம்பி ஏதாவது உளறுவான். சண்டை முடிந்த பிறகுதான் விக்கிரமாதித்தன் வாயைத் திறக்கலாம்! பல மாதம் புத்தகத்தில் இருந்த பதிலைவிட அம்மாவின் பதில் நியாயமாக இருக்கும்.

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவள் நான். தடங்கலில்லாமல் வாசித்த பிள்ளைகள் எல்லோரும் படித்த வீட்டுப் பிள்ளைகள் இல்லை. கேட்க ஓர் ஆள் இருந்த வீட்டுப் பிள்ளைகள். அதனால் அந்த மாணவியிடம் சொன்னேன்: "நீ படிச்சுக் காட்டாதே. அவனைப் படிக்கச் சொல்லி நீ கேளு. உங்க மாமியாரையும் பக்கத்துல உட்கார வை. நடுவுல நிறுத்தி, அடுத்து என்ன ஆகும்னு ஆளுக்கொரு பதில் சொல்லுங்க. தப்பா வாசிச்சா உடனே திருத்தாதே, கதை ஓடட்டும்."

சனிக்கிழமை ராத்திரி என் பேத்தி சென்னையிலிருந்து வீடியோவில் எனக்குக் கதை படிக்கிறாள். முக்கியமான இடத்தில் அவளே நிறுத்திவிடுகிறாள். போன வாரம் லேப்டாப்பை மூடிவிட்டு அவள் அப்பாவும் வந்து உட்கார்ந்து பதில் சொன்னான். சுத்தத் தப்பு.