தாயுமான பெருமானும் பழவேற்காட்டுத் தாய்மாரும்

தொண்டைநாட்டின் வடகீழ்ப்பால், கடலை ஒட்டிக் கிடப்பது பழவேற்காட்டேரி. இந்திய நாட்டு உவர்நீரேரிகளுள் சிலிகை ஏரிக்கு அடுத்த பரப்புடையது. திருப்பாலைவனத்துத் திருக்கோயில் இதற்கு அண்மைக்கண் உள்ளது. கரையோரக் குப்பங்களில் வாழ்வார் அதிபத்த நாயனார் செய்த தொழிலையே செய்பவர்.

இம்மகளிர்க்குக் கவலை பல. முகத்துவாரம் மணலால் தூர்ந்தவிடத்துக் கடல்நீர் வரவு குன்றும், மீனும் இறாலும் அருகும், கடன் பெருகும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை இக்கரையினர் மறந்திலர். இந்நிலையிற் கருவுற்றிருப்பாளொருத்தியை நோக்கி, 'கவலைப்படாதே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது' என்பர் மூத்தோர். சொல்வது அன்பினாலேயே. ஆயினும் முன்னைக் கவலையின்மேற் பின்னுமொன்றை ஏற்றுவதன்றி அச்சொல் வேறென் செய்யும்?

தாயின் மனத்துயர் கருவைச் சாரும் என்பது பொய்யன்று. துயர்க்காலத்து உடலிற் சுரக்கும் 'கார்ட்டிசால்' என்னும் நீரிற் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி தடுத்து மாற்றிவிடும். நீடித்த துயரில் அக்காவல் தளரக்கூடும் என்பர் இக்கால மருத்துவர். பிறந்த மகவு பிற மகளிர் குரலினும் தன் தாயின் குரலையே விரும்புகின்றது என்பதை 1980-இல் அமெரிக்க அறிஞர் டிகாஸ்பர், ஃபைபர் என்னும் இருவர் ஆய்ந்து காட்டினர். பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை அமைத்த ஒல்லாந்தரின் தாய்நாட்டில், 1944–45-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தே கொடும் பஞ்சம் வந்தது. அக்காலத்துக் கருவுற்ற மக்களுள் இருதய நோய் முதலியன பிற்காலத்து மிக்குக் காணப்பட்டன. அப்பஞ்சம் செருமானியர் உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததனால் விளைந்தது. அத்தாய்மாரைக் குறைகூறுவார் யார்?

நம் நூல்களும் கருவின் நிலையை நுணுகி நோக்கின. மாதந்தோறும் கரு எய்தும் இடர்களையும், உயிர் அவற்றினின்று பிழைத்தலையும் மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலில் வகுத்தருளினார். திருமூல நாயனார் இரண்டாந்தந்திரத்துக் கர்ப்பக்கிரியையில், தாயின் வயிற்றுக் கேடு மகவின் குறைக்கு ஏதுவாதலைக் கூறினார். இதனைக் கொண்டு, ஊனமுற்ற மகவைப் பெற்றாளைப் பழிப்பாரும் உளர். அது நூற்கருத்தாகாது. கருவினுட் புகுந்து உருவமைப்பவன் இறைவனே என்பதன்றோ அப்பகுதியின் தலையாய பொருள்! அதனை விடுத்து ஒரு செய்யுளைப் பற்றிக்கொண்டு பெண்ணை நோவது கற்றார்க்கு அழகன்று.

சைவம் அத்தாய்க்கு என் செய்தது என்பதைச் சிராமலை வரலாறு காட்டும். ஏழாம் நூற்றாண்டினரான அப்பரடிகள் சிராப்பள்ளித் திருக்குறுந்தொகையில் இறைவனைத் தாயெனப் போற்றினார். பிற்காலத்துச் சைவ எல்லப்ப நாவலர் செவ்வந்திப் புராணத்தே அவ்வரலாறு விரிவுற்றது. இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண் நிறைசூலினள். காவிரியிற் பெருவெள்ளம், பேறுகாலத்திற்கு வந்த தாய் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். நோவு மிகத் தனித்துக் கலங்கிய அப்பெண்ணின் முன் இறைவன் தாயின் வடிவாகவே வந்தான். 'கலங்காதே' என்று மொழிந்து அகன்றானல்லன். மருத்துவம் பார்த்தான், மகவை ஏந்தினான், வெள்ளம் வடியுமளவும் உடனிருந்து பணிசெய்தான். ஈன்ற தாய் இல்லம் புகுந்தபொழுது தாயர் இருவரைக் கண்டு மகள் திகைத்தாள், வந்தவன் மறைந்தருளினான். மறைந்ததனினும் அதுகாறும் செய்த பணியே ஈண்டு எண்ணற்பாலது. அச்சத்தின் காரணம் வெள்ளமும் தனிமையுமாதலின், அவற்றிற்கு ஏற்ற துணையாகவே திருவருள் வந்தது. சுகப்பேறு எய்தினார் அங்கு வாழைத்தார் காணிக்கை செலுத்துதல் வழக்கம்.

பழவேற்காட்டேரியின் ஆந்திரப் பகுதியில் இரக்கம் என்னுந் தீவொன்று உளது. கரை சேர்தற்கு அத்தீவினர்க்கு நெடுங்காலம் படகையன்றி வேறு வழி இருந்ததில்லை. அத்தகைய ஊரிற் சூல்கொண்டாளுக்குத் தாயுமானவர் கதை நேற்று நிகழ்ந்தது போலத் தோன்றும். நள்ளிரவில் நோவெழின், காற்று அடங்கவேண்டும். ஓடத்தில் ஓட்டுவான் வேண்டும். உடன்செல்ல ஒரு முதியவள் வேண்டும். அக்கரையில் மருத்துவமனைக் கதவு திறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டரசு ஏழைத் தாய்மார்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் மகப்பேற்றுதவி வழங்கத் தொடங்கியது 1987-இல். குப்பங்களில் வளைகாப்பன்று கூடும் மகளிர், வளையலிட்டு வாழ்த்துவதோடு, பேறுகாலத்தில் உடன்செல்வார் இன்னார், ஓடம் இன்னாரது என அன்றே பேசி முடித்தல் நலம். அப்பேச்சு சூலுற்றவள் செவியிற் படவே நிகழவேண்டும்.