முட்டு முற்றும்போது: ஒரு கேள்வியின் வரலாறு

நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுள் யாருக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவை என்ற கேள்வி பிந்தியே எழுந்தது. 1967இல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் தொடங்கிய இறுதிக்காலப் பராமரிப்பு இல்லமான புனித கிறிஸ்தோபர் இல்லத்தில் தங்கியவர்களுள் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டியும் புற்றுநோய் வலியைப் பற்றியதே. 2002இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு அந்நிறுவனம் வகுத்த வரைவிலக்கணம் உயிருக்கு ஆபத்தான எல்லா நோய்களையும் உள்ளடக்கியது.

தாமதத்துக்கு நோயின் போக்கும் ஒரு காரணம். புற்றுநோய் முற்றினால் உடல் தளர்வது பெரும்பாலும் வெளிப்படையாகத் தெரியும். இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையோரத்தில் ‘முட்டு’ என்று சொல்லப்படும் மூச்சுத்திணறல் அப்படியல்ல. சிகரெட்டும் விறகடுப்புப் புகையும் ஆலைத் தூசும் கெடுத்த நுரையீரலில் சளி கட்டுகிறது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசனும் நெபுலைசரும் கொடுத்தால் நோயாளி தேறி வீடு திரும்புகிறார். ஆனால் பழைய பலம் முழுதாக மீள்வதில்லை. எந்தத் தடவை கடைசி என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். ‘இவர் ஓராண்டுக்குள் இறந்தால் வியப்படைவீர்களா?’ என்று மருத்துவர் தம்மையே கேட்டுக்கொள்ளும் முறையும் புற்றுநோயில் பலிக்கும் அளவுக்கு இங்கே பலிப்பதில்லை.

அதனால் ஆயுளைக் கணிப்பதை விட்டு, அன்றாட வாழ்வை அளக்கும் வழி வளர்ந்தது. அதன் வேர் 1940களில் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வில் இருக்கிறது. அதிலிருந்து பிறந்த மூச்சுத்திணறல் அளவுகோலின் கடைசிப் படிகள் இரண்டு: சமதரையில் சுமார் 100 மீற்றர் நடந்ததும் நிற்க வேண்டியிருப்பது, உடை மாற்றவே மூச்சு முட்டுவது. 2010இல் எடின்பரோவில் உருவான ஸ்பிக்ட் (SPICT) எனப்படும் குறிகாட்டிகள் மேலும் சிலவற்றைச் சேர்த்தன: அடிக்கடி ஆஸ்பத்திரியில் அனுமதி, எடை குறைதல், நாளின் பாதிக்கு மேல் கட்டிலிலோ கதிரையிலோ கழிதல், நீண்டகால ஒட்சிசன் தேவை.

இந்த அளவுகோல்களைக் கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் வாழ்வில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நடந்து போனவர் முச்சக்கரவண்டியில் போகிறார். பின்பு போவதே இல்லை. நெற்றி தரையில் படும் சுஜூதிலிருந்து எழ முடியாமல் கதிரையில் இருந்து தொழுகிறார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ எடுக்கையிலேயே இளைக்கிறது. இவற்றை முதலில் காண்பவர் பெரும்பாலும் மகள்தான். மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து, மருமகன் அங்கே குடிவருவது இப்பகுதியின் பழைய வழக்கம். முதிய பெற்றோர் மகள்மாரின் வீட்டிலோ அருகிலோ வாழ்கிறார்கள். கிளினிக் கொப்பியில் வராத விவரம் அந்த மகள்மாரிடம் இருக்கிறது.

2014இல் உலக சுகாதாரப் பேரவை, நோய்த்தணிப்புப் பராமரிப்பைப் பொதுச் சுகாதார சேவையோடு இணைக்கும்படி நாடுகளைக் கேட்டது. இலங்கை அதற்கென 2019–2023 காலத்துக்கான தேசிய மூலோபாயச் சட்டகத்தை வகுத்தது. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என இரு பெரிய அரச மருத்துவமனைகள் உண்டு. எங்கே வழங்கினாலும், மூச்சுக்குழாயை விரிக்கும் பம்பை நிறுத்திவிட்டுத் தொடங்குவதல்ல நோய்த்தணிப்பு. பம்பும் தொடரும், மூச்சுத்திணறலுக்கும் பயத்துக்கும் குடும்பத்தின் சுமைக்கும் கூடவே கவனிப்பு சேரும். தேவையைக் கண்டறிய மூச்சுச் சோதனை மட்டும் போதாது. மகளிடமும் கேட்க வேண்டும்.