பாடாமல் நின்ற மூன்று பிள்ளைகள்



காலை பிரேயரில் தேசிய கீதத்துக்கு வாயசைக்காத ஒரு பையனை நான் வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தியிருக்கிறேன். இந்த வழக்கு அப்போது எனக்குத் தெரியாது.

1985 ஜூலை, கேரளம். அண்ணன் பத்தாம் வகுப்பு, தங்கைகள் ஒன்பதும் ஐந்தும். யெகோவாவின் சாட்சிகள் குடும்பம். கீதத்துக்கு எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கை அப்படி. வெகுநாள் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் சபையில் கிளப்பினார். பிள்ளைகள் அவமரியாதை செய்யவில்லை என்றுதான் விசாரணைக் குழுவும் சொன்னது. ஆனாலும் மேலதிகாரி சொன்னபடி தலைமையாசிரியை மூவரையும் நீக்கினார். (அந்த அம்மாவின் சங்கடம் எனக்குப் புரிகிறது. மேலிடத்து உத்தரவு என்றால் நாமும் அதைத்தானே செய்திருப்போம்?)

உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், நீக்கியது செல்லாது, திரும்பச் சேருங்கள் என்றது. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கீதம் பாடுவதைத் தடுப்பதும் பாடும் கூட்டத்தைக் குலைப்பதும்தான் குற்றம். மரியாதையாக எழுந்து நிற்பவர் பாடாதது குற்றமில்லை. கட்டாயப்படுத்தினால் 19-ஆம் பிரிவின் பேச்சுரிமையும் 25-ஆம் பிரிவின் மதச் சுதந்திரமும் அடிபடும்.

நான் இழுத்து நிறுத்திய அந்தப் பையனிடம் ஏன் பாடவில்லை என்று கேட்கவேயில்லை. தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் பண்ணப்பா.